சோத்தாங்கையும் புறா ரத்தமும்

என் மச்சினன் தங்கராசு என் இடது கையில் புறா ரத்தம் தேய்த்தான்.

எனக்கு விழுந்துபோன கை வலது.

வெயில் ஏறும் நேரம். வாசலில் கயிற்றுக்கட்டில். ரத்தம் வெதுவெதுப்பாக இருந்தது. துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் வாசம். சாக்குக்குள் இன்னொரு புறா முனகிக்கொண்டிருந்தது. அடுத்தது யார் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

"அசையாதீங்க மச்சான். நரம்புல எறங்கோணும்."

நான் அசையவில்லை. பேசவும் இல்லை.

நாங்கள் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர்கள். புதுச்சத்திரத்துக்குப் பக்கம். ரத்தத்துக்கு எங்களிடம் பஞ்சமில்லை. ஆனால் கோழி ரத்தத்துக்கு நரம்பு மசியாதாம். புறாதான் வேண்டுமாம். அதற்காகத் திருச்செங்கோட்டிலிருந்து காரில் கொண்டுவந்திருந்தான். புறாவுக்கு ஏசி போட்டானா என்று கேட்கவில்லை.

இவன் ஏன் நல்ல கையைப் பிடித்தான் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னாலிருந்து வர வேண்டும்.

பேசினாருங்களா?

ஒரு நாள் காலை. ஷெட்டில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். அட்டை கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனேன். கை வரவில்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதுவும் வரவில்லை.

பாவாயி ஓடிவந்தாள். என் சம்சாரம். முதலில் உடைந்த முட்டைகளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பண்ணைக்காரி அந்த வரிசையில்தான் பார்ப்பாள். குற்றம் சொல்வதற்கில்லை.

சேலத்தில் ஆஸ்பத்திரி. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது.

"பேச்சு கொஞ்ச நாளைக்குக் குழறும்மா" என்றார் டாக்டர்.

"பேசினாருங்களா?" என்று கேட்டாள் பாவாயி.

கால் திரும்பி வந்தது. பேச்சும் வந்தது. வந்ததை யாரும் கவனிக்கவில்லை. கைதான் பாதியில் நின்றுகொண்டது. மணிக்கட்டு தூக்கும். விரல் லேசாக விரியும். ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், விடாது. முட்டையைப் பிடித்தால் நொறுக்கிவிட்டுத்தான் ஓயும். அந்த மாதம் எங்கள் வீட்டில் வேளைக்கு வேளை முட்டைப் பொரியல்.

எங்கள் பக்கம் வலது கைக்குச் சோத்தாங்கை என்று பேர். இடதுக்குப் பீச்சாங்கை. வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். அந்த வேலை செய்கிற கையால் நான் மூன்று வேளையும் சோறு தின்றேன். உள் அறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து. சுவர் யாரிடமும் போய்ச் சொல்லாது.

அப்போதுதான், தங்கராசு வெளியூரில் இருக்கும்போதே, அவன் மகளுக்குக் கல்யாணம் குறித்தார்கள். வைகாசியில். நான் பெண்ணுக்கு மாமன். அத்தை புருஷன். முதல் பந்தியில் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஸ்பூன் கேட்கலாம். கேட்டால் மண்டபமே திரும்பும். பீச்சாங்கையால் சாப்பிடலாம். அதற்குப் பட்டினி கிடக்கலாம்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பந்தி. சோத்தாங்கையால்.

எங்கூர்ல நடக்காது

நாமக்கல் பக்கம் கை கால் பயிற்சி கொடுக்கிற காலேஜ் ஒன்று. அங்கே நித்யா என்று ஒரு பெண். ஆத்தூர்க்காரி. மேல்படிப்புக்கு ஆராய்ச்சி பண்ணுகிறாள். என்னைப் போல விரல் கொஞ்சமாவது அசைகிற ஆட்கள்தான் அவளுக்கு வேண்டும். முழுக்கப் போனவனும் வேண்டாம், முழுக்க நல்லவனும் வேண்டாம்.

"ஆராய்ச்சின்னா எலிய வெச்சுத்தானம்மா பண்ணுவாங்க?" என்றேன்.

"குரங்குல பாத்துட்டாங்கய்யா. வெளிநாட்ல மனுசங்ககிட்டயும் பாத்துட்டாங்க. நம்ம வீடுகள்ல எப்படி நடக்குதுன்னுதான் நான் பாக்குறேன்."

குரங்கு, வெள்ளைக்காரன், அப்புறம் நான். வரிசை சரிதான்.

வைத்தியம் இதுதான். நல்லா இருக்கிற கையைக் கட்டிப்போடுவது. பகலில் பெரும்பகுதி நேரம் அது கட்டிலேயே இருக்க வேண்டும். குளிக்கும்போதும் வண்டி வாசல் என்று வெளியே போகும்போதும் கழற்றிக்கொள்ளலாம். மற்றபடி எது வேண்டுமானாலும் விழுந்துபோன கையால்தான் எடுக்க வேண்டும். வேறு வழி இல்லை என்றால் அது வேலை செய்யுமாம். எங்கள் வீட்டில் என்னை வைத்து இதை முன்னமே நிரூபித்திருக்கிறார்கள்.

வந்தவர்களுக்குச் சீட்டுப் போட்டார்கள். பாதிப் பேருக்குச் சாதாரணப் பயிற்சி. பாதிப் பேருக்குக் கட்டு. எனக்குக் கட்டு விழுந்தது. வாழ்க்கையில் எனக்கு விழுந்த முதல் சீட்டு.

"உங்களுக்கு என்ன செய்ய வரணும்னு ஆசைப்படறீங்கய்யா? ஒண்ணு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"ரசஞ்சோறு."

எழுதினாள். எட்டிப் பார்த்தேன். தானாகச் சாப்பிடுதல் என்று எழுதியிருந்தாள்.

"ரசம்னு எழுது அம்முணி. பருப்பு வேற, ரசம் வேற."

சிரித்தாள். அவளுடைய பரீட்சையில் ஸ்பூனால் எடுப்பது இருந்தது. மரக்கட்டையை எடுத்து வைப்பது இருந்தது. ரசம் இல்லை. ரசஞ்சோற்றுக்கு ஐந்து விரலும் கூடிக் குழியாக வேண்டும். கட்டை விரல் பின்னாலிருந்து தள்ள வேண்டும். ஒருத்தன் ஏமாற்றினாலும் சட்டைக்குத்தான் சாப்பாடு.

நரம்பு எப்படித் திரும்பும் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள்.

"மூளையில செத்த எடம் செத்ததுதான்யா. அது வராது. ஆனா அதுக்குப் பக்கத்துல இருக்குற எடம் அந்த வேலையக் கத்துக்கும். சும்மா கத்துக்காது. தெனமும் வேலை குடுக்கணும்."

"பக்கத்துக் காட்டுக்காரன் வந்து நம்ம வேலையச் செய்வானா?"

"ஆமாய்யா, அப்படித்தான்."

"எங்கூர்ல நடக்காது அம்முணி. வரப்பைத்தான் வெட்டுவான்."

அவளுக்குப் புரியவில்லை. ஆத்தூரில் வரப்புகள் ஒழுங்காக இருக்கும்போல.

அரை சாண்

என் காட்டுக்குக் கிழக்கே கந்தசாமி காடு. நடுவில் ஒரு வரப்பு இருந்தது. நான் சின்ன வயசில் அதன்மேல் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். இப்போது ஓணான் ஓடினாலே வழுக்கி விழும்.

ஒவ்வொரு உழவுக்கும் அவன் டிராக்டர் வரப்போரம் ஒரு தடவை கூடுதலாக உரசும். கேட்டால் டிரைவர் புதுசு என்பான். எல்லா வருசமும் டிரைவர் புதுசு. சர்வேயர் வந்து அளந்தார். அரை சாண் என் பக்கம் வந்திருக்கிறான் என்றார். கல் நட்டார். அடுத்த உழவில் கல் சாய்ந்தது. டிரைவர் புதுசு.

அதிலிருந்து பேச்சு இல்லை. எனக்கு அதில் சிரமமும் இல்லை.

என் வாசலுக்கும் அவன் மோட்டார் ரூமுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். நான் வாசலில் உட்கார்ந்துதான் பயிற்சி செய்வேன். தட்டில் மக்காச்சோளம். ஒவ்வொன்றாக எடுத்து டம்ளரில் போட வேண்டும். கோழி கொத்துகிற வேகத்தில் பாதி கூட வராது. கந்தசாமி அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருப்பான். நான் தலை தூக்கினால் வானத்தைப் பார்ப்பான்.

குரங்குக்கு மச்சினன் கிடையாது

கட்டு என்றால் கயிறு இல்லை. நித்யா வெள்ளைத் துணியில் பஞ்சு வைத்துப் பெரிய உறை தைத்திருந்தாள். இடது கையை அதில் விட்டு, மணிக்கட்டில் பட்டைத் துணி சுற்றிவிடுவாள். பார்க்கிறவனுக்கு அடிபட்ட கை மாதிரியே இருக்கும்.

முதல் தடங்கல் பாவாயி. தட்டிலிருந்து வாய்க்கு வருவதற்குள் சோறு மூன்று இடத்தில் இறங்கியது. கொஞ்ச நேரம் பார்த்தாள். தட்டைப் பிடுங்கி ஊட்டிவிட்டாள். நித்யா வந்தபோது மாட்டிக்கொண்டாள்.

"நீங்க ஊட்டினா அந்தக் கை கத்துக்காதும்மா."

"புருசன் பசியோட தட்டத் தடவிட்டு ஒக்காந்திருக்க, நான் பாத்துட்டு நிக்கோணுமா அம்முணி? உங்க ஆராய்ச்சில பொண்டாட்டிக்கு எடம் இருக்குதுங்களா, இல்லீங்களா?"

இல்லைபோல. குரங்குக்குப் பொண்டாட்டி தட்டைப் பிடுங்கியிருக்காது.

அடுத்தது பார்க்க வந்தவர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் நான் நடமாடட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். வரிசையாக வந்தார்கள். கூண்டில் ஒரு கோழி நொண்டினால் மற்றதெல்லாம் சேர்ந்து கொத்தும். மனிதன் அப்படி இல்லை. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து கொத்துவான்.

வந்தவர்கள் வெள்ளை உறையைப் பார்த்தார்கள். தடவினார்கள். ஒரு பெரியம்மா அதன்மேல் முகம் வைத்தே அழுதாள்.

"பீச்சாங்கையோட போச்சே சாமி. சோத்தாங்கையத் தப்பிக்க உட்டாளே மாரியாத்தா. அந்த மட்டுக்கும் பொழச்சே."

திருத்த வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். வருகிற ஒவ்வொருவரிடமும் திறக்க வேண்டும். நான் திறக்கவில்லை. பாவாயி முதல் இரண்டு பேருக்குச் சொன்னாள். "நல்ல கையையா கட்டி வெச்சிருக்கறாங்க?" என்று எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவளும் விட்டுவிட்டாள்.

இடது கையில் எதையும் கொடுக்கக் கூடாது. அதனால் பழத்தை வலது கையில்தான் வைத்தார்கள். அவர்கள் கணக்கில் அது தப்பித்த கை. தயவு தாட்சண்யம் காட்டவில்லை. பழம், தண்ணீர்ச் சொம்பு, டீ டம்ளர், கோயில் திருநீறு, பேரனின் பள்ளிக்கூட போட்டோ எல்லாம் அதில் வந்தது. வாங்காமல் இருந்தால் மரியாதை இல்லை. வாங்கினேன். டீ சிந்தியது. "பாவம், ஒத்தைக் கையில எல்லாத்தையும் பாக்கோணும். தடுமாறத்தான் செய்யும்" என்றார்கள். சாத்துக்குடியைப் பிடித்த விரல் விடவில்லை. "ஆசையாப் பிடிச்சுக்கிட்டாரு" என்று அடுத்த தடவை இன்னும் கொண்டுவந்தார்கள்.

விவரம் தெரிந்தவள் பாவாயி. அவள் அந்தக் கையைப் பச்சைப்பிள்ளை மாதிரி பார்த்தாள். விவரம் தெரியாத ஊர் அதைக் கையாகவே பார்த்தது.

ஒரு நாள் பாவாயியின் பெரியப்பா வந்தார். கனத்த உடம்பு. போகும்போது கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. என் வலது கையை எட்டிப் பிடித்தார். பிடித்து, முழுப் பாரத்தையும் போட்டு எழுந்தார்.

கை தாங்கியது.

"வாரேன் மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த நிமிசம் வரை எனக்கும்தான்.

இப்போது புறாவுக்கு வருகிறேன்.

தங்கராசு போர்வெல் வண்டி வைத்திருக்கிறவன். நான் விழுந்தபோது வடக்கே எங்கேயோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தான். எந்தப் பக்கம் போனது என்று யாரும் அவனுக்குப் போனில் சொல்லவில்லை. மச்சானுக்கு வாதம், அவ்வளவுதான் சேதி. ஊர் திரும்பியதும் புறாவோடு வந்தான். கட்டுப் போட்டிருந்த கையைப் பிடித்தான். உறையை அவிழ்த்தான். பாவாயி ஷெட்டில் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல ஆள் இல்லை. நான் இருந்தேன்.

தேய்த்து முடித்தான். துண்டில் கை துடைத்தான்.

"இப்ப அசைச்சுப் பாருங்க மச்சான். மெதுவா."

அசைத்தேன். ஐந்து விரலையும் விரித்தேன். மடக்கினேன். சொடக்குப் போட்டேன்.

தங்கராசு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர். நூறடியில் தண்ணீர் வந்தபோதுகூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"அக்கா! ஓடியா அக்கா! மச்சானுக்குக் கையி வந்துருச்சு!"

பாவாயி ஓடிவந்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"ஏன்டா கிறுக்கா, அது நல்ல கைடா."

"இப்ப நல்ல கைதானக்கா! அதத்தானே நானும் சொல்றன்!"

நானும் சொன்னேன். விழுந்தது வலது கைப்பா என்றேன். வாதம் வந்தவர்களுக்கு இப்படிக் குழப்பம் வரும், மனசில் வைக்க வேண்டாம் என்று என்னைத் தட்டிக்கொடுத்தான். அதற்குள் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். மாலைக்குள் ராசிபுரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டுப் புறா ஆணா பெண்ணா என்று கேட்டார்.

நித்யா அந்த நேரம் பார்த்து வந்தாள். தோள்வரை ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் ஆராய்ச்சிக்கு வாரக்கணக்கு. புறாவுக்கு இரண்டு நிமிசம். யாரை நம்புவது?

இன்னொரு புறாவைப் பாவாயி திறந்துவிட்டாள். அது ஷெட் கூரைமேல் உட்கார்ந்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

கட்டுக் காலம் முடிந்து பரீட்சை வைத்தாள் நித்யா. மரக்கட்டை எல்லாம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வீட்ல அம்மா பாதி நேரம் ஊட்டித்தான் விட்டிருக்காங்க. அப்புறம் யாருய்யா இந்தக் கைக்கு இவ்ளோ வேலை குடுத்தது?"

"பாக்க வந்தவங்க."

விவரம் சொன்னேன். எனக்குத் தெரிந்து நான் அதிகம் பேசிய நாள் அதுதான். அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"ஒரு கையை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுய்யா. மத்தவங்களுக்கும் பாக்கணும். ஆனா எல்லாருக்கும் சொந்தக்காரங்கள நான் எங்க போய்ப் பிடிக்கிறது?"

"வேணுமின்னா இங்கிருந்து ஏத்தி அனுப்பறேன் அம்முணி. திருப்பி அனுப்ப வேண்டாம்."

முதல் பந்தி

கல்யாணத்தில் தங்கராசு சம்பந்தி வீட்டாருக்குப் பெண்ணைக் காட்டினானோ இல்லையோ, என்னைக் காட்டினான்.

"இவருதானுங்க. புறா வைத்தியம். அந்தக் கையக் காட்டுங்க மச்சான்."

இடது கையைக் காட்டினேன். மாப்பிள்ளையின் சித்தப்பா தொட்டுப் பார்த்தார். கிள்ளியும் பார்த்தார்.

முதல் பந்தி. ஒரே ஊர்க்காரர்கள் என்று தங்கராசு என்னையும் இன்னொருவரையும் தோளைப் பிடித்து அழுத்திப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். திரும்பினேன். கந்தசாமி.

மேசைமேல் பேப்பர். பேப்பர்மேல் இலை. இலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில். எதிர்வரிசை முழுக்க என் இடது கையைப் பார்த்தது. அது மடியில் சும்மா கிடந்தது. வலது கையை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த வகையிலாவது புறா செத்ததற்குப் பலன் உண்டு.

பருப்பும் நெய்யும் வந்தது. கெட்டி. கை சமாளித்தது. சாம்பார் வந்தது. இரண்டு பருக்கை சட்டையில். கல்யாணம் என்றால் அது எல்லோருக்கும் உண்டு.

ரச வாளி அந்தக் கோடியிலிருந்து வர ஆரம்பித்தது. மிளகும் கொத்தமல்லியும் மணத்தது.

"கையி இன்னும் முழுசா விரியறதில்லையாட்ட இருக்குது" என்றான் கந்தசாமி. என்னைப் பார்க்கவில்லை. அப்பளத்தைப் பார்த்துச் சொன்னான்.

"எந்தக் கை?"

"சோத்தாங்கைதான். ஊரே பீச்சாங்கையக் கட்டிப் பிடிச்சு அழுதுது. எனக்குத் தெரியாதுங்களா? தெனமும் வேலியோரம் நின்னு பாக்கறவன்."

"என்னத்துக்குப் பாத்தீங்க?"

"கரண்ட் வர்ற வரைக்கும் வேற என்னத்தப் பாக்கறது?"

வாளி வந்துவிட்டது. கந்தசாமி வாளிக்காரனைப் பார்த்தான்.

"அந்த எலைக்கு ரசம் வேண்டாம், கெட்டித் தயிராவே குடுத்துருங்க."

"ஊத்துங்க" என்றேன்.

ஊற்றினான். தாராளமாக ஊற்றினான். சோற்றைப் பிசைந்தேன். நான்கு விரல் கூடியது. ஐந்தாவது யோசித்தது. வந்தது. தூக்கினேன். பாதி முழங்கைக்குப் போனது. பாதி வாய்க்கு வந்தது. காரம். புளிப்பு. சூடு.

மேசை கிழக்கே சாய்வுபோல. மிச்ச ரசம் இலை ஓரத்தைத் தாண்டி கந்தசாமி இலைப் பக்கம் ஓட ஆரம்பித்தது. நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். கையில் சோறு இருந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அவன் தன் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்தான். என் இலை ஓரத்துக்கு அடியில் உருட்டிச் சொருகினான். ஓரம் மேலே எழுந்தது. ரசம் திரும்பி என் சோற்றுக்கே வந்தது.

பாட்டில் இருந்த இடத்தைப் பார்த்தேன்.

அரை சாண் என் பக்கம் தள்ளித்தான் வைத்திருந்தான்.

கேட்டிருப்பேன். வாயில் சோறு இருந்தது.